பல்லில் மாட்டும் ரப்பர் தாடையை வளர்க்குமா?

பல்லுக்குக் கம்பி போட்டுச் சில மாதம் ஆனதும் டாக்டர் ஒரு சின்னப் பாக்கெட்டைக் கையில் கொடுப்பார். பாக்கெட்டின் மேல் முயலோ நரியோ ஏதாவது ஒரு படம், உள்ளே வெளிர்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக ரப்பர் வளையங்கள். ஒரு முனையை மேலே கோரைப்பல்லில் இருக்கும் கொக்கியில் மாட்டி, மறு முனையைக் கீழே கடைவாய்ப்பல்லுக்கு இழுத்து மாட்ட வேண்டும், ராத்திரி பகல் இரண்டு வேளையும் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். உடனே பிள்ளையின் அம்மா கேட்பது, ஈரோடானாலும் கோபியானாலும் தாராபுரமானாலும், அநேகமாக இதுதான்: "ஏனுங்க டாக்டர், இதப் போட்டா தாடை முன்னால வந்துருமுங்களா?"

வராது. பல் நகரும், தாடை தன் போக்கில் வளரும். ஆனால் இந்த இரண்டும் ஒரே வயதில் நடக்கிறதே, அங்கேதான் குழப்பம். பதிமூன்று வயதில் ரப்பர் போட ஆரம்பித்த பிள்ளையைப் பதினைந்து வயதில் பார்த்தால் முகமே மாறியிருக்கும், மோவாய் எடுப்பாகத் தெரியும், வீட்டில் எல்லாரும் ரப்பர்தான் தாடையை இழுத்து வந்தது என்று நினைப்பார்கள். அதே வயதில் எதுவும் போடாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் மோவாய் வளர்ந்துதான் இருக்கும் என்பதை யாரும் கவனிப்பதில்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாததால் சிலர் ரப்பரிடம் இல்லாததை எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள், சிலர் வரவேண்டிய வயதில் வராமல் விடுகிறார்கள். இரண்டாவது வகைதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது.

முதலில் ஒன்று. பல்லில் ஒட்டிக் கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டான பிராக்கெட்டைச் சுற்றிச் சிவப்பு, நீலம் என்று பிள்ளைகள் நிறம் கேட்டுப் போட்டுக்கொள்ளும் வளையம் வேறு, அது கம்பியைப் பிடித்து வைக்க மட்டும்தான். நான் சொல்வது மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் இணைத்து இழுக்கும் ரப்பரைப் பற்றி.

பல் எலும்புக்குள் நேரடியாக ஒட்டி நிற்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தால் அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, இழுவிசை விழும் பக்கத்தில் புது எலும்பு படிகிறது, அப்படியே பல் மெதுவாக நகர்கிறது, மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். தாடை வளர்வது முற்றிலும் வேறு காரியம். மேல்தாடை, மண்டையோட்டு எலும்புகளோடு சேரும் பொருத்துகளில் புது எலும்பு படிந்து கீழேயும் முன்னாலும் இறங்குகிறது. கீழ்த்தாடையோ காதுக்கு முன்னால் இருக்கிறதே மூட்டு, அங்கே தாடை முனையில் உள்ள குருத்தெலும்பில் வளர்ந்து நீளுகிறது, பின்பக்கத்துச் செங்குத்துப் பகுதியும் உயர்கிறது. எவ்வளவு வளர வேண்டும் என்பது பெரும்பாலும் பரம்பரையில் வருவது. அப்புச்சிக்கு நீண்ட தாடை என்றால் பேரனுக்கும் அப்படி வருவதை நம் ஊர்க் கல்யாண போட்டோக்களிலேயே பார்க்கலாம்.

சரி, ரப்பர் என்னதான் செய்கிறது? மேல்பல் எடுப்பாக, கீழ்த்தாடை உள்ளடங்கி இருக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம், நம்மிடம் அதிகம் வருவதும் இவர்கள்தான். மேல் கோரைப்பல்லில் இருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரப்பர் போட்டால் மேல் முன்பற்கள் பின்னால் சாயும், கூடவே கொஞ்சம் கீழே இறங்கும். கீழ்க் கடைவாய்ப்பல் முன்னால் நகரும், கொஞ்சம் மேலே எழும்பும். கீழ் முன்பற்கள் உதட்டுப் பக்கம் சாயும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் இருந்த ஏழெட்டு மில்லிமீட்டர் இடைவெளி இரண்டு மூன்றுக்கு வந்து நிற்பது பெரும்பாலும் இந்தப் பல் நகர்வுகளால்தான். இதைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், எலும்பில் நடக்கும் மாற்றம் சிறுபங்கு.

இதில் அந்தக் கடைவாய்ப்பல் எழும்புவதைத்தான் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கடைவாய்ப்பல் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் வாய் மூடும்போது அந்தப் பல்தான் முதலில் முட்டும், அதனால் முன்பக்கம் அதைவிட அதிகமாகத் திறக்கும், கீழ்த்தாடை மூட்டைச் சுற்றிக் கீழேயும் பின்னாலும் திரும்பும். மோவாய் முன்னால் வர வேண்டும் என்று போட்ட ரப்பர் மோவாயைப் பின்னால் தள்ளிவிடும். முகம் ஏற்கெனவே நீளமாக, உதடு சேராமல், சிரித்தால் ஈறு தெரியும்படி இருக்கும் பிள்ளைக்கு இது நடந்தால் முகம் இன்னும் நீண்டு தெரியும். அதனால்தான் ஒரே மாதிரி எடுப்புப்பல் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு உடனே ரப்பர் கொடுப்போம், இன்னொருவருக்குத் தயங்குவோம், பக்கத்துப் பையனுக்குக் கொடுத்தீர்களே எங்களுக்கு ஏன் தரவில்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வளரும் வயதுக்கு இங்கே ஒரு பெரிய சலுகை உண்டு. கடைவாய்ப்பல் எழும்பும் அதே காலத்தில் தாடையின் பின்பக்கமும் உயர்ந்துகொண்டே வந்தால் அந்த உயரம் ஈடாகிவிடும், மோவாய் பின்னால் போகாது. முப்பது வயதில் அதே ரப்பரைப் போட்டால் ஈடுகட்ட வளர்ச்சி இல்லை. அப்புறம், பருவ வயதில் மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை கூடுதலாக முன்னால் வளர்கிறது. ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று மாட்டிக் கடித்துக்கொண்டே இருப்பதால், தாடை முன்னால் போனாலும் பற்கள் அந்த ஆதாயத்தைத் தின்றுவிடும், கடி பழைய இடத்திலேயே நிற்கும். ரப்பர் அந்தப் பிடியை விடுவித்து, தாடை தானாகப் பெற்ற வளர்ச்சியைக் கடியில் சேர்க்க உதவுகிறது. வளர்ச்சியை உண்டாக்குவதும் வந்த வளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்வதும் வேறு வேறு.

ரப்பர் தாடையை வளர்க்கும் என்ற நம்பிக்கை பெற்றோருக்கு மட்டும் வந்ததில்லை. 1890-களில் அமெரிக்காவில் கால்வின் கேஸ், ஹென்றி பேக்கர் போன்ற பல் மருத்துவர்கள் மேல்வரிசையில் இருந்து கீழ்வரிசைக்கு ரப்பர் இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1899-ல் பல் வரிசைக் கோளாறுகளை இன்றுவரை நாங்கள் பயன்படுத்தும் வகைகளாகப் பிரித்தவர் எட்வர்ட் ஆங்கிள். பல்லைச் சரியான கடிக்குக் கொண்டுவந்துவிட்டால் எலும்பு அதற்கேற்ப வளர்ந்துகொள்ளும், பல் பிடுங்கத் தேவையில்லை, ரப்பர் கீழ்த்தாடையையே வளர வைக்கும் என்பது அவர் காலத்து உறுதியான நம்பிக்கை. பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்களிடம் அளந்து பார்க்க வழியில்லை. ஆங்கிள் இறந்தது 1930-ல். அதற்கு அடுத்த வருடம், 1931-ல்தான், அமெரிக்காவில் ஹோலி பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தலையை ஒரே நிலையில் பிடித்து வைத்துப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையை வெளியிட்டார்கள்.

செஃபலோகிராம் என்ற அந்த எக்ஸ்ரே இன்று எங்கள் வேலையில் தினமும் பார்ப்பது. காதுத் துளையில் இரண்டு பக்கமும் குச்சி மாதிரி ஒன்றை வைத்துத் தலை அசையாமல் நிறுத்திப் படம் எடுப்பார்கள். சிகிச்சைக்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் கோடு வரைந்து, மாறாத மண்டையோட்டு அடிப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பல் எவ்வளவு நகர்ந்தது, எலும்பு எவ்வளவு நகர்ந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். அப்படிப் பார்த்தபோதுதான், ரப்பர் போட்ட பிள்ளைகளில் நடந்தது பெரும்பாலும் பல் நகர்வு என்பது தெரிந்தது. அப்போது போன நம்பிக்கை 1970-களில் வேறு உருவில் திரும்ப வந்தது, மிச்சிகனில் ஜேம்ஸ் மெக்நமாரா குரங்குக் குட்டிகளின் கீழ்த்தாடையை முன்னால் நிற்கும்படி வைத்தபோது மூட்டுக் குருத்தெலும்பில் வளர்ச்சி கூடியதைக் காட்டினார். ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் 1977-ல் கொண்டுவந்த ட்வின் பிளாக் என்ற கருவி, நம் ஊரில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் மேலும் கீழும் போட்டுக்கொண்டு பேச்சுக் குழறித் திரிவார்களே, அது கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தி வைப்பதுதான். மனிதப் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வுகளில் தெரிந்தது, அதிலும் பெரும்பங்கு பற்களின் நகர்வு, எலும்பில் கிடைப்பது சிறிய அளவு, சீக்கிரம் ஆரம்பித்தவர்களும் பருவ வயதில் ஆரம்பித்தவர்களும் கடைசியில் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்பது. சின்ன வயதில் ஆரம்பிப்பதில் உறுதியாகக் கிடைக்கும் லாபம் ஒன்று உண்டு: பல் எடுப்பாக இருக்கும் பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொள்ளும் வாய்ப்புக் குறையும்.

அப்படியானால் எந்த வயது? பெண்பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருப்பது சுமாராகப் பன்னிரண்டு வயதில், பையன்களுக்குப் பதினான்கில், ஆளுக்கு ஆள் ஓரிரு வருடம் முன்பின் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாமல் கழுத்தெலும்புகளின் வடிவத்தைப் பார்த்து எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று கணிப்போம், அதே செஃபலோகிராமில் கழுத்தும் விழுந்திருக்கும் என்பதால் தனி எக்ஸ்ரே வேண்டியதில்லை. இங்கே நம் பக்கத்து வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. பெண்ணுக்குப் பூப்புச் சீர் முடியட்டும், அப்புறம் பல்லுக்குப் பார்க்கலாம் என்று காத்திருப்பார்கள். பெண் வயதுக்கு வருவதற்கு முன்பே, பெரும்பாலும் ஒரு வருடம் போல முன்னால், உயரம் வளரும் வேகம் உச்சத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பின்னும் வளர்ச்சி இருக்கும், சிகிச்சையும் நடக்கும், ஆனால் வேகமான பகுதி போயிருக்கும். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பிலேயே ஒருமுறை காட்டிவிட்டால், கம்பி அப்போதே போட வேண்டியதில்லை என்றாலும், எப்போது போடுவது என்பதையாவது முடிவு செய்ய முடியும்.

பையன்களுக்குக் குறுக்கே வருவது படிப்பு. ஒன்பதாவதில் நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஏதாவது ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள், பன்னிரண்டாவது முடிந்துதான் வெளியே வருவான். பதினான்கில் இருந்து பதினேழு வரை, பருவ வயதில் தாடை வளர்வதில் பெரும்பகுதி அந்தச் சுவருக்குள் நடந்து முடிகிறது. கம்பியோடு சேர்ந்த பையனாக இருந்தால் மாதாமாதம் வெளியே விட மாட்டார்கள், ரப்பர் பாக்கெட் தீர்ந்துபோனால் வாங்க ஆளில்லை, விடியற்காலைப் படிப்பில் இருந்து ராத்திரிப் படிப்பு வரை ஓடுவதில் மாட்ட மறந்துபோகும். பிள்ளை மேல் கோபப்பட எனக்கு மனம் வராது. சேர்க்கும்போதே வார்டனிடம் சொல்லி, விடுமுறை வரை போதுமான பாக்கெட்டைக் கையில் கொடுத்து, எந்தப் பல்லில் இருந்து எந்தப் பல்லுக்கு என்று படம் வரைந்த காகிதத்தைப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

போட்டுக்கொள்வதில் உள்ள நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டில் எழுதியிருக்கும் எண்கள் இரண்டு, ஒன்று வளையத்தின் உள்விட்டம், மற்றது விசை. கால் அங்குலம், மூன்றரை அவுன்ஸ் என்று இருந்தால், வளையத்தை உள்விட்டத்தைப்போல் மூன்று மடங்கு, அதாவது சுமார் 19 மில்லிமீட்டர் இழுக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் விசை கிடைக்கும் என்று பொருள். அந்த விசை நாள் முழுக்க நிற்காது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இழுத்த நிலையிலேயே வைத்த இடுப்பு எலாஸ்டிக் எப்படித் தொய்ந்துபோகும் என்று, வாய்க்குள் எச்சில் ஈரத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். முதல் சில மணி நேரத்திலேயே விசை கணிசமாகக் குறைந்துவிடுவதால்தான் தினமும் மாற்றச் சொல்கிறோம், அறுந்து போகவில்லையே என்று மூன்று நாள் வைத்திருப்பதில் பயனில்லை. ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு வளையம் சேர்த்துப் போடுவதும் கூடாது. அதிக விசையில் அழுத்தப்பட்ட சவ்வில் ரத்த ஓட்டம் தடைபடும், பல் நகர்வதற்குப் பதில் வலிதான் மிஞ்சும், வேர் நுனி தேயும் அபாயமும் கூடும்.

போடாமல் இருந்துவிட்டு டாக்டரைப் பார்க்க வரும் அன்று காலை பஸ்ஸில் மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒழுங்காகப் போட்டவர்களின் பல்லை விரலால் அசைத்தால் லேசாக ஆடும், போடாதவர்களின் பல் இறுகி நிற்கும். வாயைத் திறக்கும்போது கை தானாகப் போய் ரப்பரைக் கழற்றுகிற பழக்கமும் போடுகிறவர்களுக்குத்தான் வரும். இடதுபக்கம் மட்டும் போட்டு வலதுபக்கம் விட்டால் மேல்வரிசை நடுக்கோடும் கீழ்வரிசை நடுக்கோடும் விலகும், அதைச் சரிசெய்ய இன்னும் சில மாதம் பிடிக்கும். ரப்பர் போட்ட பிறகு உதடு வீங்கினாலோ அரிப்பு வந்தாலோ லேடெக்ஸ் என்னும் ரப்பர்மரப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள், லேடெக்ஸ் இல்லாத வளையம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது மறுபக்கம். கீழ்த்தாடை முன்னால் நீண்டு, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே கடிக்கும் பிள்ளைகள். இவர்களுக்கு ரப்பரைத் திருப்பிப் போடுவோம், மேல் கடைவாய்ப்பல்லில் இருந்து கீழ்க் கோரைப்பல்லுக்கு. இங்கேயும் பற்கள்தான் சாயும், மேல் முன்பல் வெளியே, கீழ் முன்பல் உள்ளே. கீழ்த்தாடை வளர்வதை அது நிறுத்தாது. மோவாயில் கிண்ணம் வைத்துத் தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள், ஜப்பானில் அப்படிச் செய்த பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில், முதலில் வளர்ச்சி தடைபட்டது போலத் தெரிந்து, கழற்றிய பிறகு தாடை விட்டதைப் பிடித்துக்கொண்டது.

மேல்தாடை பின்தங்கியதால் வந்த கோளாறு என்றால் செய்ய வழி இருக்கிறது, அதிலும் ரப்பர்தான். நெற்றியிலும் மோவாயிலும் தாங்கி நிற்கும் ஃபேஸ்மாஸ்க்கை மாட்டி, மேல்பற்களில் இருந்து அதற்கு ரப்பர் இழுப்போம், பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை, தினமும் பன்னிரண்டு பதினான்கு மணி நேரம். மேல்தாடைப் பொருத்துகள் இளசாக இருக்கும்போதுதான் இது பலிக்கும், எட்டு ஒன்பது வயதுக்குள் என்றால் நல்லது. பிரிட்டனில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இரண்டு குழுவாக்கி நடத்திய ஆய்வில், ஆறு வருடம் கழித்துத் தாடை அறுவை சிகிச்சை தேவை என்று மதிப்பிடப்பட்டவர்கள் ஃபேஸ்மாஸ்க் போட்டவர்களில் 36 சதவீதம், போடாதவர்களில் 66 சதவீதம். மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குப் பல் எல்லாம் விழுந்து முளைக்கட்டும் என்று அம்மாயி சொல்வதைக் கேட்டுக் காத்திருந்தால் போவது இந்த வாய்ப்புதான்.

அந்த வயது தாண்டியவர்களுக்குப் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹியூகோ டி கிளெர்க் கொண்டுவந்த முறை ஒன்று இருக்கிறது, ரப்பருக்கும் தாடை வளர்ச்சிக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான். பல்லில் மாட்டினால் பல் நகர்கிறது, சரி, எலும்பிலேயே மாட்டினால்? மேலே கன்னத்தெலும்பின் அடிப்பகுதியிலும் கீழே கோரைப்பல்லுக்கு முன்னாலும் சின்ன டைட்டானியம் தகடுகளைத் திருகி வைத்து, அவற்றுக்கிடையே நாள் முழுக்க ரப்பர். 150 கிராமில் ஆரம்பித்து 250 வரை கூட்டுவார்கள். கீழ்க் கோரைப்பல் முளைத்திருக்க வேண்டும், எலும்பும் திருகைத் தாங்க வேண்டும், அதனால் பெரும்பாலும் பத்து பதினொரு வயதுக்கு மேல்தான் வைப்பார்கள். 2010-ல் வெளியான ஆய்வில், சிகிச்சை எடுக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் மேல்தாடை சுமார் நான்கு மில்லிமீட்டர் கூடுதலாக முன்னால் வந்திருந்தது. தாடையளவில் அது பெரிய நகர்வு. ஆனால் தகடு வைக்க ஒரு சின்ன அறுவை சிகிச்சை, எடுக்க இன்னொன்று, செலவும் கூடுதல், பார்த்த பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைவு. கடையில் வாங்கிய பாக்கெட்டோடு வீட்டில் செய்கிற காரியம் கிடையாது.

வீட்டில் செய்கிற காரியம் என்றதும் ஒன்றை எச்சரிக்க வேண்டும். முன்பல் இடைவெளியை மூட ரப்பர் வளையத்தைத் தாங்களே போட்டுக்கொள்வதை வீடியோவில் பார்த்துச் சிலர் செய்கிறார்கள். பல்லின் வேர் கீழே போகப்போகக் கூம்பாகக் குறுகும், வளையம் ஈறுக்குள் நழுவி, கண்ணில் படாமல் வேர் வழியே ஏறி, பல்லைத் தாங்கும் எலும்பையெல்லாம் அழித்துவிடும், நல்ல பல்லே விழுந்துவிடும். தாடைக்கோடு வருவதற்கு என்று கல்லூரிப் பையன்கள் மெல்லும் ரப்பர் உருண்டை, தசையைப் பெரிதாக்கலாம், எலும்பை நீட்டாது, மூட்டு வலி இருப்பவர்களுக்கு அதைக் கூட்டவும் செய்யும்.

கீழ்த்தாடை நிற்காமல் வளரும் பையனுக்குச் சிலசமயம் எதுவும் செய்யாமல் காத்திருப்பதே சரியான சிகிச்சை. பெண்களுக்குப் பதினேழு வயதுவாக்கிலும் பையன்களுக்கு இருபதை ஒட்டியும் வளர்ச்சி அடங்கும். ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு செஃபலோகிராமை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றம் இல்லை என்று பார்த்த பிறகுதான் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பார்கள். பதினாறில் அவசரப்பட்டுக் கீழ்ப்பல்லையெல்லாம் ரப்பரால் உள்ளே சாய்த்து மறைத்துவிட்டால், பின்னால் அறுவை சிகிச்சைக்கு முன் அதே பற்களைத் திரும்ப நிமிர்த்த வேண்டிவரும், இரட்டை வேலை.

பிள்ளையை முதல்முறை காட்டப் போகும்போது, கோவையிலோ திருச்செங்கோட்டிலோ குமாரபாளையத்திலோ உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் சரி, பக்கத்து க்ளினிக்குக்குப் போனாலும் சரி, அப்பா அம்மா இரண்டு பேருமே போங்கள், உங்கள் முகத்தைப் பார்ப்பதும் எங்களுக்குச் சோதனைதான். பள்ளியில் உயரம் அளந்து எழுதிய அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். பெண் என்றால் எப்போது வயதுக்கு வந்தாள் என்ற மாதத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். இந்த வருடம் செருப்பு அளவு எத்தனை தடவை மாறியது என்று கேட்டால் அதற்கும் காரணம் இருக்கிறது, வளர்ச்சி வேகம் பிடித்துவிட்டதா என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.